எது அவசரம், யாருக்கு எச்சரிக்கை?

2007 ஏப்ரல் 16 காலை 7.15 மணியளவில், அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதியொன்றில் மாணவர் இருவர் சுடப்பட்டனர். இது சொந்தப் பகையால் நேர்ந்தது என்றும், கொலையாளி வளாகத்தைவிட்டு வெளியேறியிருப்பான் என்றும் காவலர்கள் கருதினர். வளாகத்தினருக்கு முதல் மின்னஞ்சல் சென்றபோது மணி 9.26. சற்று நேரத்தில் நோரிஸ் கட்டடத்தில் மேலும் 30 பேர் கொல்லப்பட்டனர். கோபிசெட்டிபாளையம் பகுதியிலிருந்து சென்ற பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் அவர்களுள் ஒருவர்.

அன்று கருவிகள் இருந்தன. அனுப்பும் முடிவுதான் தாமதித்தது.

அந்நாட்டில் இத்தாமதம் சட்டப் பிரச்சினையானது. 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதியறையில் ஜீன் கிளெரி என்னும் மாணவி கொலையுண்டார். பெற்றோர் தொடர்ந்து போராடியதால் 1990இல் ஒரு சட்டம் பிறந்தது. வளாகக் குற்றங்களை வெளிப்படையாக அறிவிக்க அது கல்லூரிகளைக் கட்டாயப்படுத்தியது. வர்ஜீனியா டெக் படுகொலைக்குப் பின், ஆபத்து உறுதியானவுடன் எச்சரிக்க வேண்டும் என்று 2008இல் அது திருத்தப்பட்டது. உரிய நேரத்தில் எச்சரிக்கத் தவறியதற்காக வர்ஜீனியா டெக்குக்கு 2011இல் 55,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பின் தொகை குறைந்தது. தொகை சிறிது, ஆனால் மௌனத்துக்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும் என்னும் நெறி பெரிது.

இந்நெறியை நம் வளாகங்களில் பொருத்திப் பார்ப்போம். இங்கே எச்சரிக்கை பெரும்பாலும் கீழிருந்து மேலே செல்கிறது. மேலே அது கோப்பாகிவிடுகிறது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா, 2015 டிசம்பர் 18 அன்று துணைவேந்தருக்குக் கசப்பு ததும்பும் கடிதமொன்று எழுதினார். அடுத்த மாதம் அவர் உள்ளிட்ட தலித் மாணவர்கள் ஐவர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வெட்டவெளியில் தங்கிப் போராடினர். 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். கடிதத்துக்கும் மரணத்துக்கும் இடையே 30 நாள்கள். அந்தக் கடிதத்தைவிடத் தெளிவான அபாயச் சங்கு எது?

விதிகள் இல்லாமலில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை உறுதிசெய்யப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதிகள் வகுத்தது. சமவாய்ப்பு மையம், பாகுபாட்டைத் தடுக்க ஓர் அலுவலர், 60 நாள்களுக்குள் புகாருக்குத் தீர்வு என்பன அவற்றில் உண்டு. அவை நடைமுறைக்கு வர வேண்டும் என்று ரோஹித்தின் தாயும் மருத்துவர் பாயல் தட்வியின் தாயும் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்ததே, அவை எந்நிலையில் இருந்தன என்பதற்குச் சான்று.

இன்னொரு கேள்வி, எச்சரிக்கைப் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி மாணவருக்கும் பேராசிரியருக்கும் உண்டு. விடுதிக் கழிவறையைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு உண்டா? ஆய்வகத்தில் வாயுக் கசிந்தால், வளாகத்தில் கும்பல் நுழைந்தால், அச்செய்தி அவருக்கு அவர் மொழியில் சென்று சேருமா? கடைநிலைப் பணிகளில் தலித் மக்களே மிகுந்திருக்கும் நாட்டில், அப்பட்டியலும் சாதியின் எல்லைக்கோடாக மாறிவிடும்.

ஆகவே செயலியும் ஒலிபெருக்கியும் கேட்பதோடு மாணவர் அமைப்புகள் நின்றுவிடலாகாது. எது அவசரம் என்று முடிவுசெய்யும் குழுவில் தலித், பழங்குடி மாணவர்களும் தொழிலாளர்களும் இடம்பெற வேண்டும். உயிருக்கு ஆபத்தைச் சுட்டும் பாகுபாட்டுப் புகாருக்கு ஒரே நாளில் பதில் வேண்டும். தாமதத்துக்கு நிர்வாகத்தின் மீது தண்டம் வேண்டும். நமக்கு வாய்த்த 30 நாள்களில் யாரும் மணியடிக்கவில்லை; இனி அந்த மணி நிர்வாகத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது.