என்.டி.பி. இடையக வழிதல் வழு

என்.டி.பி. இடையக வழிதல் வழு என்பது, கணினிகளின் கடிகாரங்களை வலையமைப்பு வழியாக ஒத்திசைக்கும் என்.டி.பி.டி. என்னும் திறமூல மென்பொருளில் 2014 டிசம்பரில் வெளிப்படுத்தப்பட்ட பாதுகாப்புக் குறைபாடு ஆகும். இதன் அடையாள எண் சிவிஇ-2014-9295. கூகிள் பாதுகாப்புக் குழுவினர் இதனைக் கண்டறிந்தனர். 4.2.8 பதிப்புக்கு முந்தையவை பாதிப்புக்குள்ளாயின.

பின்னணி

என்.டி.பி. நெறிமுறையை வடிவமைத்தவர் டேவிட் மில்ஸ் (1938–2024). இதன் முதல் வரையறை 1985 இல் வெளியானது. பயனர் கண்ணில் படாமல் பின்னணியில் இயங்குவதால், வழங்கிகளில் இம்மென்பொருளை இற்றைப்படுத்துவதைப் பலர் மறந்துவிடுவதுண்டு.

குறைபாட்டின் தன்மை

இடையகம் என்பது தரவைத் தற்காலிகமாக வைப்பதற்கு நினைவகத்தில் ஒதுக்கப்படும் அளவான இடம். என்.டி.பி.டி. எழுதப்பட்ட சி மொழி, அவ்விடத்தின் எல்லையைத் தானாகச் சரிபார்ப்பதில்லை. அது நிரலரின் பொறுப்பு. எல்லையை மீறி எழுதப்படும் தரவு அடுத்துள்ள நினைவகத்தில் வழிகிறது. அடுக்கு நினைவகத்தில் இவ்வாறு நேர்ந்தால், செயற்கூறு முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்னும் முகவரியே அழிக்கப்பட்டு, தாக்குபவர் விரும்பும் முகவரி அங்கே எழுதப்படக்கூடும். அதன்பின் அவருடைய நிரல், என்.டி.பி.டி.க்கு உள்ள அதே உரிமைகளுடன் இயங்கும்.

மூன்று செயற்கூறுகளில் இவ்வழு காணப்பட்டது. அவற்றுள் ஒன்று, ஆட்டோகீ என்னும் உறுதிப்பாட்டு முறை இயக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஆபத்தானது. என்.டி.பி. பயன்படுத்தும் யுடிபி முறையில் முன்கூட்டிய இணைப்பு தேவையில்லை, அனுப்புநர் முகவரியையும் எளிதில் போலியாக்கலாம். தனியொரு பொதியே தாக்குதலுக்குப் போதுமானதாக இருந்தமைக்கு இதுவே காரணம். இது புதுவகைப் பிழையும் அன்று. 2001 இலேயே இதே மென்பொருளில் ஓர் இடையக வழிதல் வெளிப்பட்டிருந்தது.

தீர்வு

4.2.8 பதிப்பு உடனடியாக வெளியிடப்பட்டது. இற்றைப்படுத்த இயலாதோர், ஆட்டோகீயை நிறுத்தி, வெளியார் வினவல்களை அமைவுக் கோப்பில் தடுக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். ஆப்பிள் நிறுவனம், மாக் கணினிகளுக்கான திருத்தத்தைப் பயனரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தானாக நிறுவியது; அந்நிறுவனம் அவ்வாறு செய்தது அதுவே முதன்முறை.

திருத்தத்தைவிடக் கடினமான சிக்கல் ஆளணிப் பற்றாக்குறையே. உலகெங்கும் இயங்கிய இந்நிரலைப் பராமரித்தோர் மிகச் சிலர். அதே ஆண்டு ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் வழுவைத் தொடர்ந்து, லினக்ஸ் அறக்கட்டளையின் நிதியுதவித் திட்டத்தில் என்.டி.பி.யும் சேர்க்கப்பட்டது. 2015 இல் என்.டி.பி.செக் என்னும் கிளைத்திட்டம் தோன்றியது. அது புதிய வசதிகளைச் சேர்ப்பதைவிடப் பழைய நிரலை நீக்குவதிலேயே கூடுதல் கவனம் செலுத்தியது. நீக்கப்பட்டவற்றுள் ஆட்டோகீயும் ஒன்று.