போத்தலை ஒளிக்காதீங்க



மூதூர், தோப்பூர், கிண்ணியா பக்கம் "மருந்து குடிச்சிட்டான்" என்றால் நஞ்சு குடித்துவிட்டான் என்று அர்த்தம். வயலுக்கு அடிக்கிற நஞ்சுக்கு நாங்களே வைத்த பெயர் மருந்து.

எங்களிடம் படித்த பிள்ளை ஒன்று அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. டொக்டரிடம் வீட்டார் சொன்னது, "சாப்பாடு ஒத்துக்கல்ல". போத்தலைப் புதைத்துவிட்டார்கள். ஊர் கதைக்கும், பொலிஸ் வரும் என்ற பயம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளை கண் முழித்து வீட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் மேல்வயிற்றில் வலி, முதுகு வரைக்கும். கேஸ்ட்ரிக் என்று குளிசை கொடுத்தார்கள். திரும்பக் கொண்டுபோன பிறகுதான் சதையி அழற்சி என்று தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகம்.

சதையி இன்சுலினும் சமிபாட்டு நொதியமும் சுரக்கும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். ஓகனோபொஸ்பேட் வகை நஞ்சு நரம்புகளை ஓயாமல் தூண்டிவிடும். வாயில் எச்சில் வழிகிற மாதிரியே சதையியும் அளவுமீறிச் சுரக்கும். அது வெளியேறும் வழியோ இறுகிக்கொள்ளும். தேங்கிய நொதியம் சதையியையே சமிக்கத் தொடங்கும். பலருக்கு லேசாக வந்து ஆறிவிடும், சிலருக்கு உயிராபத்து. வயிற்றுவலியும் வாந்தியும் அந்த நஞ்சின் சாதாரணக் குணங்கள் என்பதால் இது இலகுவில் மறைந்துவிடும். இரத்தத்தில் லிப்பேஸ் பார்த்தால் பிடிபடும். ஆனால் என்ன குடித்தது என்று தெரிந்தால்தானே டொக்டர் அதைத் தேடுவார்?

இந்த நேரத்தில் சிலர் கட்டிலருகே நின்று ஈமான் பற்றிப் பயான் பண்ணுகிறார்கள். கோபம்தான் வருகிறது. 1995இல் இந்த நாட்டில் லட்சத்துக்கு 47 பேரளவில் தற்கொலையால் இறந்தார்கள். பிறகு இருபது வருடத்தில் அது 70 வீதமளவில் குறைந்தது. கொடிய நஞ்சுகளைப் படிப்படியாகத் தடை செய்ததுதான் அதற்குப் பெரிய காரணம். 1998இல் எண்டோசல்பான், 2011 ஆகும்போது பரகுவாட்டும் போனது. எங்கள் பயானால் குறையவில்லை.

ஆகவே 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸுக்குக் காசில்லை. போத்தலை லேபலோடு பையில் கட்டிக் கொண்டுபோங்க. உண்மையைச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்த பிறகு வயிறு வலித்தால், வாந்தி வந்தால் குளிசை தேடாமல் உடனே திரும்பக் கூட்டிப்போங்க.

மனசு தாங்காமல் இதை வாசிக்கிற யாரும் இருந்தால், 1926க்கு எந்த நேரமும் கதைக்கலாம். எங்களுக்கு இன்பொக்ஸில் எழுதினாலும் சரி, யாரிடமும் சொல்லமாட்டோம்.