பச்சை உடம்புக்குத் துணை யார்?

தாராபுரத்திலே பொழுது விடிவதற்கு முன்பே கம்பெனி வேன்கள் புறப்பட்டுவிடுகின்றன. சுற்றுக் கிராமங்களின் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் பறக்கின்றன. அப்படி ஒரு வேனுக்காகக் காத்து நின்ற ஓர் அம்மாளைச் சமீபத்தில் சந்தித்தோம். வயது ஐம்பதுக்கு மேல். அவருடைய மகளுக்குக் குழந்தை பிறந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. ஆபரேஷன் பிரசவம்.

"ஊட்டுல புள்ளையைப் பாத்துக்க யாருங்கக்கா இருக்கறாங்க?" என்று கேட்டோம்.

"யாருங்க இருக்கறாங்க? சோறாக்கி வெச்சுட்டு வந்துட்டனுங்க. இன்னும் நாலு நாளு லீவு போட்டா வேலை போயிருமுங்க. மருமகனும் வேலைக்குப் போகோணுமில்லீங்க" என்றார்.

தையல் ஆறாத வயிற்றோடு, பத்து நாள் சிசுவோடு, பூட்டிய வீட்டிலே ஒரு பெண் தனியாகக் கிடக்கிறாள். இது ஒரு வீட்டுக் கதையல்ல. உழைத்துத் தின்னும் குடும்பங்களிலே வீட்டுக்கு வீடு நடக்கும் கதை.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு என்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தத் தாய்வீட்டிலே தாய் இருக்க வேண்டுமே! அம்மிச்சியும் பனியன் கம்பெனியிலே 'செக்கிங்' பார்க்கிறார். அல்லது காட்டு வேலைக்குப் போகிறார். அவருடைய கூலி நின்றால் அடுப்பு நின்றுவிடும்.

முன்னொரு காலத்திலே இந்த வேலைக்கு ஊருக்கு ஊர் மருத்துவச்சி இருந்தார். பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். பேறு பார்த்ததோடு அவர் போய்விடமாட்டார். நாள்தோறும் வந்து தாய்க்கு வெந்நீர் ஊற்றுவார். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். மருந்து இடித்துக் கொடுப்பார். பால் கட்டிக்கொண்டால் வழி சொல்லுவார். கிடைத்த கூலி என்ன? அறுவடைக் களத்திலே அளந்து போட்ட தானியம். உயிரை அவர் கையிலே ஒப்படைத்தவர்களே, காரியம் முடிந்ததும் தீட்டு என்று அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். அந்த அடிமை முறை ஒழிந்தது நல்லதே. அது திரும்பி வரவேண்டுமென்று மானமுள்ள எவரும் கோரமாட்டார்கள்.

ஆனால் முறை ஒழிந்தபோது வேலையும் ஒழிந்துவிட்டதா? இல்லை. செய்ய ஆள்தான் இல்லாமல் போயிற்று.

பணம் படைத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பெருநகரங்களிலே 'டூலா' என்ற பெயரில் பயிற்சி பெற்ற பெண்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். தாய்க்குப் பால் கொடுக்கக் கற்றுத் தருகிறார்கள். தாய் உறங்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவள் அழுதால் பொறுமையாகக் கேட்கிறார்கள். கணவனுக்கும் வேலை பழக்குகிறார்கள். அவர்கள் டாக்டரும் அல்லர், நர்ஸும் அல்லர், துணை. இந்தச் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் என்ன தெரியுமா? அடிமைப் பெண்! களத்துத் தானியத்துக்கு ஏங்கி நின்ற நம் மருத்துவச்சியின் கதையையே அந்தச் சொல்லும் சொல்லுகிறது. அன்று அடிமைத்தனமாக இருந்த வேலை இன்று வசதி உள்ளவர்களின் சொகுசாகிவிட்டது. இரண்டும் வேண்டாம். அது உரிமையாக வேண்டும் என்கிறோம் நாம்.

இது வெறும் சௌகரியப் பிரச்னை அல்ல, உயிர்ப் பிரச்னை. பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கு, இரத்தக் கொதிப்பு, சீழ்க் காய்ச்சல் ஆகியவை தாயைக் கொல்லுகின்றன. குழந்தை பால் குடிக்காமல் துவளுவதும், உடல் சில்லிடுவதும் ஆபத்தின் அறிகுறிகள். பக்கத்திலே விவரமறிந்த ஓர் ஆள் இருந்தால்தானே 108-க்குச் சொல்ல முடியும்! மனச்சோர்வு என்ற நோயும் உண்டு. அதைப் 'பேய் பிடித்தது' என்று கோடாங்கியிடம் கொண்டுபோகும் கொடுமை இன்னும் தீரவில்லை. சீம்பாலைப் பீச்சிக் கொட்டுவது, சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் வாட்டுவது முதலிய மூடப் பழக்கங்களை ஒழிக்கவும் விஷயம் தெரிந்த துணை வேண்டும்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலே நூற்றுக்கு 99-க்கு மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலுள்ள உதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் 2019-21 குடும்ப நல ஆய்வின்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன். அறுபட்ட வயிற்றோடு வீடு திரும்புகிறவள் குடத்தைத் தூக்க முடியுமா? கிராம சுகாதார செவிலியர் வந்து பார்க்கிறார், உண்மை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, பதிவேடு என்று அத்தனை வேலைகளுக்கிடையே அவர் எடை பார்ப்பாரா, துணி துவைப்பாரா?

விடுப்புச் சட்டத்தின் கதை என்ன? 1961-இல் சட்டம் வந்தது. 2017-இல் விடுப்பு 26 வாரமாயிற்று. தமிழக சர்க்கார் தன் பெண் ஊழியர்களுக்கு 2021-இல் 12 மாதமாக்கியது. வரவேற்கிறோம். ஆனால் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்ணின் பெயர் முதலாளியின் பதிவேட்டில் இருந்தால்தானே! வெங்காயம் அறுப்பவளுக்கும், தேங்காய்க் களத்திலே பருப்பு காயவைப்பவளுக்கும் எந்த முதலாளி விடுப்புக் கொடுப்பான்? மத்திய சர்க்கார் ஊழியரான தகப்பனுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. பனியன் தொழிலாளியான தகப்பனுக்கு ஒரு நாளும் இல்லை. அவன் தகப்பன் இல்லையா?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பார்கள். நெதர்லாந்து நாட்டிலே நடக்கிறது. அது சோஷலிஸ்ட் நாடு அல்ல, முதலாளித்துவ நாடுதான். அங்கே பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற பணியாளர் வருகிறார். முதல் பத்து நாட்களுக்குள் 24 மணியிலிருந்து 80 மணி நேரம் வரை கூட இருக்கிறார். தாயையும் சேயையும் கவனிக்கிறார். வீட்டு வேலையிலும் கை கொடுக்கிறார். செலவின் பெரும்பகுதியை எல்லோருக்கும் கட்டாயமான காப்பீடு ஏற்கிறது. பணக்காரி, ஏழை என்ற பேதமில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. பிரசவம் நடந்த ஒவ்வொரு உழைப்பாளி வீட்டுக்கும் முதல் பத்து நாட்களாவது பயிற்சி பெற்ற துணைப் பணியாளரை சர்க்கார் அனுப்ப வேண்டும். 42 நாள் வரை அவர் வந்து பார்த்துப்போக வேண்டும். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து இந்த வேலையைக் கொடுக்கலாம். ஆனால் 'மதிப்பூதியம்', 'ஊக்கத்தொகை' என்று ஆஷா, அங்கன்வாடித் தோழியரை ஏய்க்கும் வித்தை இங்கே கூடாது. மாதச் சம்பளமும் சேமநல நிதியும் வேண்டும். தகப்பனுக்கும், துணை இருக்கும் பாட்டிக்கும் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும்.

நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களிலே போனஸ் உண்டு, பஞ்சப்படி உண்டு. பச்சை உடம்புக்காரி எத்தனை பட்டியலில் இருக்கிறாள்? மேடையிலே பெண் விடுதலை பேசும் தோழர்களில் எத்தனை பேர் குழந்தையின் மூத்திரத் துணியை அலசியிருக்கிறோம்? சர்க்கார் செய்யும்வரை காத்திராமல், அந்த வேலையை இன்றைக்கே தொடங்கலாம். அதற்கு எந்த மசோதாவும் தேவையில்லை.

அந்த அம்மாள் அன்றும் வேன் ஏறிப் போய்விட்டார். அடுத்த பேரப்பிள்ளை பிறக்கும்போதாவது அவர் வீட்டிலே இருக்க வேண்டும், கூலி குறையாமல் இருக்க வேண்டும். மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து நின்றால் இது நடக்கும்.