நாவின் நன்றியும் உறுப்புகளின் நன்றியும்

“உடம்பு எப்படி இருக்கிறது, உம்மா?” என்று வினவுகிறோம். “அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை” என விடை வருகிறது. நாமும் மனநிறைவோடு நம் அலுவலைப் பார்க்கச் சென்றுவிடுகிறோம். நம் இல்லங்களில் நாள்தோறும் நிகழ்வது இதுவன்றோ?

நன்றியுணர்வுக்கு உடலைக் காக்கும் ஆற்றலும் உண்டோ என இன்று மருத்துவ அறிஞர்களும் ஆராய்கின்றனர். அமெரிக்காவில் செவிலியர் பணி புரிந்த முதிய பெண்கள் 49,275 பேரிடம் 2016ஆம் ஆண்டில் இதுபற்றி வினவினர். அவர்களின் சராசரி வயது 79. 2019 இறுதிவரை அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2024இல் முடிவை வெளியிட்டனர். உடல்நிலை, மனநிலை முதலிய வேறுபாடுகளைக் கணக்கிற்கொண்ட பின்னரும், நன்றியுணர்வு மிக்கவரிடையே இறப்பு விகிதம், அது குன்றியவரிடையே இருந்ததைவிட 9 விழுக்காடு குறைந்திருந்தது. நன்றியே ஆயுளை நீட்டிற்று என்று இதனால் மெய்ப்பிக்கப்பட்டுவிடவில்லை. எனினும், சிந்திக்கத்தக்க செய்தி இது.

ஆயினும் அன்பர்களே, ஒன்றை மறந்துவிடலாகாது. ‘ஷுக்ரு’ என்பது நாவோடு முடிந்துவிடுவதன்று. அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நன்றி என இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்கியுள்ளார்கள். உள்ளமும் நாவும் மட்டுமன்றி, உடலுறுப்புகளும் நன்றி செலுத்த வேண்டும் என்பது அவர்களின் கருத்து. உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைப் பேணுவது நன்றி. நோயை மறைத்து வளரவிடுவது நன்றியாகாது.

முதியோர் பலர் பிள்ளைகளுக்குச் செலவும் சிரமமும் வைக்கலாகாது என்றெண்ணி, அத்திருச்சொல்லின் பின்னே தம் வலியை மறைத்துக்கொள்கின்றனர். நீரிழிவு முற்றியவர்க்கோ பாதத்தில் உணர்ச்சி குன்றிவிடுவதால், புண் வலிக்காமலே பெருகிவிடும். “ஒன்றுமில்லை” என்று அவர்கள் உண்மையாகவே நம்பிச் சொல்லக்கூடும். அவர்களுடைய பொறுமையை நம் அலட்சியத்திற்குச் சான்றிதழாக நாம் கொள்ளலாமா?

திருமறையின் லுக்மான் அத்தியாயம், இறைவனுக்குரிய நன்றியோடு பெற்றோர்க்குரிய நன்றியையும் இணைத்தே பணிக்கிறது. ஆதலின், இன்று ஜும்ஆ தொழுது இல்லம் திரும்பியதும், உம்மா அஸருக்கு ஒளுச் செய்கையில் நீங்களே நீர் வார்த்துக் கொடுங்கள். அவர்களின் பாதங்களை, விரலிடுக்குகளை, உள்ளங்கால்களை உற்று நோக்குங்கள். புண்ணோ வெடிப்போ தென்பட்டால், நாளைக்கென ஒத்திப்போடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அவர்களின் நன்றி நாவில் ஒலிக்கட்டும். நம் நன்றி கைகளில் விளங்கட்டும்!