டிராக்டர் இழுத்துடும்... ஆனா நிக்குமா? தண்ணீர் டேங்கரின் எடைக் கணக்கு

கோடை வந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் டிராக்டருக்கு உழவு வேலை குறைவு, தண்ணீர் வேலைதான் அதிகம். கிணற்றடியில் டேங்கரை நிரப்பி, ஊர் ஊராகக் கொண்டுபோய் ஊற்றுவது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டால், "அம்பது எச்.பி. வண்டிங்க, எவ்வளவு வேணாலும் இழுக்கும்" என்று பதில் வரும். அது பொய்யில்லை. சமதளச் சாலையில் உருண்டுகொண்டிருக்கும் டேங்கரை இழுக்க அதன் எடையில் சில சதவீத விசையே போதும். அதனால் பாரம் அதிகம் என்பது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தெரியாது. பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5,000 லிட்டர் என்றால் 5 டன். தொட்டி, சேஸ், டயர் சேர்த்தால் இன்னும் ஒரு டன்னுக்குக் குறையாது. முன்னால் இருக்கும் டிராக்டரின் எடையோ சுமார் 2 டன். அதாவது தன்னைப்போல மூன்று மடங்கு எடை பின்னாலிருந்து தள்ளுகிறது. நம்மூர் டிராக்டர்களில் பெரும்பாலும் பின் சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். பல டேங்கர்களின் சக்கரத்தில் பிரேக்கே கிடையாது. பிரேக் பிடிக்கும் விசை அதேதான், எடை மட்டும் நாலு மடங்கு என்றால், நிற்க எடுக்கும் தூரமும் ஏறக்குறைய நாலு மடங்கு. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அது இன்னொரு நாலு மடங்கு. முன்னால் போகும் பைக்காரருக்கு இது எதுவும் தெரியாது.

முழு டேங்கரைவிட அரை டேங்கர் மோசம். முதல் தெருவில் பாதி ஊற்றிவிட்டு அடுத்த தெருவுக்குத் திரும்பும்போது, உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும், வளைவில் பக்கவாட்டிலும் அலையடிக்கும். எடை குறைந்ததே என்று டிரைவர் வேகம் கூட்டுவதும் அப்போதுதான். தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்திருந்தால் அலை அடங்கும். டேங்கர் செய்யக் கொடுக்கும்போது பெயின்ட் நிறத்தைக் கேட்பவர்கள் இதையும் கேட்கலாம்.

கண்மாய்க் கரை ஏறும்போது வேறு சிக்கல். பாரம் கொக்கியை அழுத்த, முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. முன் பம்பரில் எடை கட்டினால் ஸ்டியரிங் சரியாகும், பிரேக் சரியாகாது. கொக்கியை டிரா பாரில் தாழ்வாக மாட்டாமல் மேலே மாட்டினால் டிராக்டர் பின்பக்கமாகவே மல்லாந்துவிடும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போடுவதும் ஆபத்து. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக விட்டிருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் தார்ச்சாலைக்கு வரும்முன் இணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிக்கொள்ளும்.

சரி, நம் வண்டிக்கு எவ்வளவு? டிரெய்லருக்கும் தனி ஆர்.சி. உண்டு. அதில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய பாரம் வரும். 4 டன் என்று வந்தால் 4,000 லிட்டர், அவ்வளவுதான். டிராக்டர் கையேட்டில் இழுவை வரம்பு இருந்தால் அதையும் பாருங்கள். அது டேங்கரையும் சேர்த்த எடை. இரண்டு கணக்கில் எது குறைவோ அதுதான் வரம்பு. ஆர்.சி.யில் சந்தேகமா? எடைமேடையில் ஒருமுறை காலியாகவும் ஒருமுறை நிரப்பியும் ஏற்றிப் பார்த்தால் போதும்.

வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவில் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் என 2019 திருத்தம் சொல்கிறது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் இதில் சிக்குவார். சனி, ஞாயிறு மட்டும் ஊருக்கு வரும் பிள்ளையின் பெயரில் டிராக்டர் இருந்தால், அவருக்கும் சேர்த்துத்தான்.

கோளாறு விலை பேசுவதிலும் இருக்கிறது. 'லோடு'க்கு இவ்வளவு என்று பேசினால் தொட்டி பெரிதாகிக்கொண்டேதான் போகும். டேங்கரை வாடகைக்கு எடுக்கும் ஊராட்சிகள் லிட்டர் கணக்கில் பணம் தரலாம். ஒப்பந்தத்தோடு டிரெய்லர் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்கலாம். வண்டல் மண் அள்ளும் பருவத்திலும் இதே கதைதான். அங்கே 'ஒரு யூனிட்' என்றால் 100 கன அடி. ஈர மண்ணாக இருந்தால் அதுவும் 5 டன்னைத் தொடும்.