முகாம் முடிந்த பிறகும் ஒரு குழு

ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களில் குருதிக்கொடை, கண் சிகிச்சை முகாம், நிதி எனப் பணிகள் குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அங்கு உழைக்கும் உறுப்பினர்கள் ஊதியம் பெறுவதில்லை. ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கின்றனர். குழுத் தலைவர்களும் பெரும்பாலும் அப்போதே மாறுகின்றனர். புதியவர்களுக்கு வாய்ப்புத் தரும் நல்ல வழக்கம்தான். ஆயினும், ஓராண்டு முழுதும் திரட்டிய கொடையாளர் பட்டியல் சில வேளைகளில் பழைய தலைவரின் கைப்பேசியோடு போய்விடுகிறது.

புதிய குழு பெரிய முகாம் ஒன்றை நடத்துகிறது. அன்று சேரும் சிவப்பணுக்களை ஏறத்தாழ ஆறு வாரம் வரை பாதுகாக்கலாம். தட்டணுக்களோ வழக்கமாக 5 நாட்களே தாங்கும். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு அடுத்த வாரம் தட்டணு தேவைப்பட்டால் அம்முகாம் உதவாது. இரவு பத்து மணிக்கு வார்டு வாசலில் நின்றபடி தெரிந்தவர்களையெல்லாம் அழைத்துக்கொண்டிருக்கும் உறவினர்களை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

முகாம்களைக் கைவிடுமாறு நாங்கள் கூறவில்லை. (மேடையும் பொன்னாடையும் சற்றே குறையலாம்.) ஒரே நாளில் இருநூறு பேரைத் திரட்டுவதைவிட, வாரந்தோறும் சிலரை அழைக்கும் சிறு குழுவே மேலானது என்பது எங்கள் கருத்து. நம் நாட்டில் ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் குருதி வழங்கலாம்; அதற்கேற்பப் பட்டியலைச் சுழற்சியில் அமைக்கலாம். சென்ற ஆண்டுத் தலைவர் இவ்வாண்டும் உறுப்பினராகத் தொடர்ந்தால் பட்டியலும் தொலையாது.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குடும்பத்தினரும் இத்தகைய குழுக்களில் சேரலாம். பட்டியலைப் பேணவும் தொலைபேசியில் பொறுமையாகப் பேசவும், குருதி கொடுக்க இயலாதவர்களாலும் முடியும்.