‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதுவது யார்?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நீரிழிவு பற்றி ஆய்வுக்காக வாசிக்கும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்படும் ஒரு சொல் ‘ஒத்துழைக்காதவர்’. மாத்திரை சாப்பிடவில்லை, ஊசி போடவில்லை, வரச் சொன்ன நாளில் வரவில்லை. ஆகவே காலை எடுத்ததற்கும் சிறுநீரகம் கெட்டதற்கும் அவரே பொறுப்பு. சேரிப் பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் ‘படிப்பில் அக்கறையில்லை’ என்று எழுதும் பேனாதான் இதுவும்.

அந்த நோயாளியின் வீட்டைப் பார்ப்போம். வட பிரதேசத்தின் தொலைதூரக் குடியிருப்புகளில் முன்பணம் கட்டித்தான் மின்சாரம் பெற வேண்டும். பணம் தீர்ந்தால் இருட்டு. 2018-19இல் சுமார் 3,300 வீடுகளை ஆராய்ந்ததில், பத்தில் ஒன்பது வீடுகளில் ஒருமுறையாவது மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லும் செவிலியருக்கு இது தெரியுமா? தெரிந்துகொள்வதற்குள் அவரே ஊரைவிட்டுப் போயிருப்பார். அங்குள்ள அரசுத் தொலைதூர மருத்துவ நிலையங்களில் செவிலியர்களும் பூர்வகுடி சுகாதாரப் பணியாளர்களும் மாறும் விகிதம் ஆண்டுக்கு 128 விழுக்காடு என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஓராண்டில் 128 பேர் வெளியேறுகிறார்கள். வரும் ஒவ்வொரு புதுமுகத்திடமும் தன் நோயை முதலிலிருந்து சொல்லிச் சலித்தவர் ஒருநாள் போகாமலிருந்தால், ஒத்துழையாமையாம்!

உணவுப்பழக்கம், மரபணு என்று அடுத்த குற்றச்சாட்டு வரும். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு, மாட்டுப் பண்ணைகளிலும் மிஷன்களிலும் கூலிக்குப் பதிலாக மாவும் சர்க்கரையும் தேயிலையும் அளந்து போட்டது யார்? மேற்கு ஆஸ்திரேலியாவில் நீரிழிவுள்ள பூர்வகுடியினர் 10 பேர் 7 வாரம் தங்கள் நிலத்துக்குத் திரும்பி, வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்தார்கள். இரத்தச் சர்க்கரை வெகுவாக இறங்கியது. எடை சராசரியாக 8 கிலோ குறைந்தது. கெரின் ஓடே இதை வெளியிட்டது 1984இல். அந்த 7 வாரத்தில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுநீரகம் செயலிழந்த கின்டோர் மக்கள் டயாலிசிஸுக்காகச் சுமார் 500 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது. வாரம் மூன்றுமுறை செய்தாக வேண்டிய சிகிச்சை என்பதால், போனவர் ஊர் திரும்ப வழியில்லை. 2000இல் பின்டுபி ஓவியர்கள் தங்கள் ஓவியங்களைச் சிட்னியில் ஏலம் விட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. இன்று ‘பர்பிள் ஹவுஸ்’ எனப்படும் அந்த அமைப்பை நடத்துவது அவர்களே. செவிலியர்கள் அவர்களிடம் வேலை செய்கிறார்கள். மிகத் தொலைவான ஊர்களில் செவிலியர் செய்யும் டயாலிசிஸுக்கு மெடிகேர் தனிக் கட்டணம் வகுத்தது 2018இல்தான். ஓவியம் விற்றுச் சிகிச்சையை ஊருக்குக் கொண்டுவந்தவர்களா ஒத்துழைக்காதவர்கள்? 18 ஆண்டு கழித்து வந்த அரசுக்கு என்ன பெயர்?

இந்தியாவிலிருந்து ஏராளமான செவிலியர்கள் ஆஸ்திரேலியா போகிறார்கள், நம்மவர்களும்தான். தோழர்களே, அந்தச் சொல்லை எழுதுமுன் கேளுங்கள்: வீட்டில் மின்சாரம் இருந்ததா, அவர் மொழி தெரிந்தவர் உடனிருந்தாரா, இந்த ஆண்டில் நீங்கள் எத்தனையாவது செவிலியர்? கிடைக்கும் பதிலையும் அதே தாளில் எழுதுங்கள்.